இரவை அச்சடித்தவர்கள்

யோஷிவாராவின் நடுத்தெருவில் செர்ரி மரங்கள் வளரவில்லை, வந்து போயின. இன்றைய டோக்கியோவுக்கு அன்று எடோ என்று பெயர். அந்த நகரத்தில் அரசு உரிமத்தோடு நடந்த பரத்தையர் குடியிருப்புதான் யோஷிவாரா. வசந்தம் பிறந்ததும், பூக்கத் தயாராக நிற்கும் மரங்களை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து, நாகானோச்சோ என்ற அகன்ற தெருவின் நடுவே வரிசையாக நட்டுவிடுவார்கள். அடியில் மஞ்சள் பூப்பூக்கும் யமபுகிச் செடிகள், சுற்றிலும் பச்சை மூங்கில் வேலி. பூ உதிர்ந்ததும் மரங்களைத் தோண்டி எடுத்துப் போய்விடுவார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் நடுவார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய வழக்கம் இது.

ரசனையைவிட வியாபாரம்தான் இதில் அதிகம். எடோவில் பூப் பார்க்க இடத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. நாட்டை ஆண்ட படைத்தலைவருக்கு ஷோகுன் என்று பெயர். எட்டாவது ஷோகுன் தோகுகாவா யோஷிமுனே சுமிதா ஆற்றங்கரையிலும் அசுகாயாமா குன்றிலும் பொதுமக்களுக்காகவே மரங்களை நட வைத்தார். உவேனோவின் கானெய்ஜி கோயில் வளாகமும் பூவுக்குப் பேர்போனது. ஆனால் அது ஷோகுன் குடும்பத்தின் கோயில். ஆட்டம் பாட்டம் கூடாது. பொழுது சாய்ந்தால் வெளியேறிவிட வேண்டும். சாயங்காலத்துக்கு மேல்தான் யோஷிவாராவின் கடையே களைகட்டும். எனவே மரங்களையும் விளக்குகளையும் அங்கே ஒன்றாக நிறுத்தினார்கள். இரவில் விளக்கொளியில் செர்ரிப் பூ பார்ப்பதை ஜப்பானியர் 'யோசாகுரா' என்பார்கள். யோசாகுரா என்றதும் எடோவாசியின் நினைவுக்கு முதலில் வந்த இடங்களில் ஒன்று இந்தத் தெரு.

கபுகி நாடக மேடைக்கும் இந்தக் காட்சி போனது. 1888இல் அரங்கேறிய 'காகோத்சுருபே' நாடகம் இன்றும் நடிக்கப்படுகிறது. தொடக்கத்தில் அரங்கம் முழுவதும் கும்மிருட்டாக இருக்கும். சட்டென்று எல்லா விளக்குகளும் எரியும். மேடை முழுக்கப் பூத்த மரங்கள், இருபுறமும் தேநீர் விடுதிகள். வெளியூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவன் வாய் பிளந்து நிற்கிறான். கதை கொலையில் போய் முடிகிறது. பார்வையாளர்கள் அந்த வியாபாரியோடு சேர்ந்து மயங்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

நாடகக்காரருக்கு விளக்கை அணைத்துப் போட்டால் போதும். மர அச்சுக்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது. வெள்ளைத் தாளில், தண்ணீரில் கரைத்த சாயத்தை வைத்து, இருட்டையும் அதற்குள் வெளிறி மிதக்கும் பூவையும் அவர்கள் கொண்டுவர வேண்டும். ஜப்பானிய அச்சுப் படங்களைப் பற்றிப் பேசும்போது ஓவியரின் பெயர்தான் எப்போதும் முன்னால் வருகிறது. இரவுச் செர்ரிப் படங்களைப் பொறுத்தவரை அது பாதி நியாயம்தான். இவற்றில் இரவை உண்டாக்கியவர் அச்சடித்தவர். பூவை உண்டாக்கியவர் பலகை செதுக்கியவர்.

ஏன் என்று புரிய, வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்தப் படங்களுக்கு முதலாளி பதிப்பாளர். பணம் போடுவதும், எது விற்கும் என்று தீர்மானிப்பதும் அவர்தான். ஓவியர் மெல்லிய தாளில் தூரிகைக் கோடுகளால் படத்தை வரைந்து தருவார். அந்தத் தாளைக் குப்புறப் பலகைமேல் ஒட்டி, கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்றதையெல்லாம் செதுக்குபவர் வெட்டி எடுப்பார். தாளோடு சேர்த்துத்தான் வெட்டுவார். ஆகவே ஓவியர் கைப்பட வரைந்த மூலம் அப்போதே அழிந்துவிடும். அடுத்து ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிப் பலகை வேண்டும். எல்லாப் பலகைகளிலும் ஒரு மூலையிலும் ஓர் ஓரத்திலும் சிறு அடையாள வெட்டுகள் இருக்கும். அச்சடிப்பவர் தாளை அந்த வெட்டுகளில் பொருத்தி வைப்பதால் பத்து வண்ணமானாலும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழும்.

பலகைக்கு எடுத்த மரம் பெரும்பாலும் யமசாகுரா, அதாவது மலைச் செர்ரி. கடினமான மரம், ஒரே சீரான இழை. தலைமயிர் அளவு கோட்டையும் உடையாமல் தாங்கும். நூற்றுக்கணக்கான தாள்களுக்குப் பிறகும் விளிம்பு மழுங்காது. செர்ரிப் பூவின் படத்தைச் செர்ரி மரத்திலேயே வெட்டினார்கள் என்பதில் கவித்துவம் தேட வேண்டியதில்லை. அந்த வேலைக்கு அதைவிட வாகான மரம் அந்த நாட்டில் இல்லை.

இப்போது இரவுக்கு வருவோம். இவர்கள் பயன்படுத்தியவை தண்ணீர்ச் சாயங்கள், ஒளி ஊடுருவக்கூடியவை. இருண்ட நீலத்தின்மேல் வெளிர் சிவப்பை அடித்தால் அது நீலத்துக்குள் காணாமல் போய்விடும். சிப்பித் தூளில் செய்த வெள்ளைப் பூச்சு இருந்தது. அதைப் பனித்துளிகளாகத் தெளிக்கலாம், ஒரு மரம் நிறையப் பூவுக்கு அது சரிப்படாது. ஆகவே பூ இருக்க வேண்டிய இடத்தில் இரவே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மதுரைச் சுங்குடிப் புடவையில் முடிச்சுப் போட்ட இடம் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாகத் தங்குவது போலத்தான். வானத்துக்கான பலகையில், ஒவ்வொரு பூங்கொத்தின் வடிவத்தையும் பள்ளமாகக் குடைந்துவிடுவார் செதுக்குபவர். அந்தப் பள்ளங்களில் மை படாது. அச்சானபின் சுற்றிலும் இருட்டு, நடுவே வெறும் தாள். நாம் பூ என்று பார்ப்பது அந்த வெறும் தாளைத்தான். அதற்கென்று தனியாக ஒரு வெளிர் சிவப்புப் பலகை இருந்தால் மேலே இலேசான சாயம் ஏறும். மையே தடவாத பலகையில் தாளை வைத்து அழுத்தி, இதழ்களைப் புடைப்பாக எழுப்பும் முறையும் உண்டு. அப்படிச் செய்த படத்தை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால்தான் இதழ் எழும்பும்.

கறுப்பு அல்லது கருநீலத்தைப் பெரிய பரப்பில் சீராக ஏற்றுவது அச்சடிப்பவருக்குப் பெரிய சோதனை. தாள் 'கோசோ' என்ற முசுக்கொட்டை இன மரத்தின் பட்டையில் செய்தது. அதை முன்பே ஈரமாக்கி வைத்திருப்பார். பலகையில் மையையும் கொஞ்சம் அரிசிப் பசையையும் தூரிகையால் தேய்த்துப் பரப்புவார். பிறகு தாளை வைத்து, மூங்கில் உறையில் பொதிந்த 'பாரென்' என்ற வட்டத் தேய்ப்பானால் உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துத் தேய்ப்பார். ஈரம் கூடினால் மை கசியும். குறைந்தால் வானத்தில் திட்டுத் திட்டாக வெண்மை தெரியும். பகல் காட்சியில் இப்படிப்பட்ட குறை கண்ணில் படாமல் தப்பலாம். இருட்டில் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.

முழு வண்ண அச்சு பிறந்தது 1765 வாக்கில். அதன் முன்னோடியான சுசுகி ஹாருநோபு அப்போதே இரவைப் பிடிக்கப் பார்த்தார். அவருடைய புகழ்பெற்ற படம் ஒன்றில் இளம்பெண் ஒருத்தி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பூத்த கிளையை அண்ணாந்து பார்க்கிறாள். பின்னால் வானம் என்று எதுவும் இல்லை, அட்டைக் கறுப்பு. அதில் பூத்திருப்பது செர்ரி அல்ல, அதற்கு முன்பே பூக்கும் உமே என்னும் பிளம். ஆனாலும் இந்த வகைப் படங்களுக்கெல்லாம் வழிகாட்டி அதுதான். கறுப்பு எவ்வளவு தட்டையோ அவ்வளவுக்கு அந்த வெள்ளைப் பூக்கள் முன்னால் வந்து நிற்கின்றன. இருட்டின் ஆழத்தைக் காட்ட ஹாருநோபு முயலவே இல்லை. அந்தத் துணிச்சல்தான் இன்றும் அந்தப் படத்தைப் புதிதாக வைத்திருக்கிறது.

ஹாருநோபுவின் கறுப்பு அன்றைக்கு விதிவிலக்கு. அந்தக் காலத்துப் பெரும்பாலான படங்களில் இரவு என்பது ஓர் உடன்பாடு மட்டுமே. ஒரு நிலவு, ஒரு காகித விளக்கு, சாத்திய கதவு ஆகியவை தெரிந்தால் இரவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மனிதர்களின் முகமும் உடையும் பட்டப்பகல் போலப் பளிச்சென்று இருக்கும். நிழல் விழாது. நடிகர் உடுத்திய துணியின் பூவேலைப்பாடு தெரியாவிட்டால் படத்தை யார் வாங்குவார்கள்? ஒரு படத்தின் விலை ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலை. கொடுத்த காசுக்குக் கண் நிறைய வேண்டும் என்று வாங்குபவர் எதிர்பார்த்தார்.

இருட்டை நம்பும்படி செய்ய ஒரு சாயம் வர வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஒரு சாயத் தயாரிப்பாளர் சிவப்புச் சாயம் செய்யப் போய், தற்செயலாக ஓர் ஆழ்ந்த நீலத்தைக் கண்டுபிடித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அதுதான் பிரஷ்யன் நீலம். ஜப்பானியர் அதற்கு 'பெரோ' என்று பெயர் வைத்தார்கள். பெர்லின் என்பதன் சுருக்கம். ஆரம்பத்தில் நாகசாகி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, விலையும் அதிகம். 1820களின் முடிவில் சீனாவிலிருந்து மலிவாக வரத் தொடங்கியதும் எடோவின் அச்சுக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஓவியர் ஹொகுசாயின் ஃபூஜி மலைப் படங்களின் நீலம் இதுதான். அதற்கு முன் கைவசம் இருந்தவை இரண்டு. ஒன்று, சிறு நீலப் பூவிலிருந்து எடுத்த சாயம். அழகானது, ஆனால் வெயிலும் ஈரமும் பட்டால் ஓடிவிடும். மற்றொன்று அவுரி, தண்ணீரில் கரையாது, மெல்ல மெல்ல மங்கலாக்கி அடிப்பது சிரமம். பிரஷ்யன் நீலமோ தண்ணீரோடு இணக்கமாகப் போனது. கருமையில் தொடங்கி ஒன்றுமில்லாமல் கரைவது வரை எல்லாப் படியிலும் நின்றது.

இப்படிக் கரைத்து அடிப்பதன் பெயர் 'பொகாஷி'. பலகையில் இதற்கென்று எதுவும் செதுக்குவதில்லை. மேற்பரப்பை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, தூரிகையின் ஒரு பக்கத்தில் மட்டும் மை தொட்டு இழுப்பார் அச்சடிப்பவர். மை ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் தண்ணீரில் கலைந்தும் நிற்கும். அடுத்த தாளுக்கு மறுபடி துடைக்க வேண்டும், மறுபடி இழுக்க வேண்டும். ஆகவே ஒரே பலகையில் அடித்த இரண்டு படங்களின் வானம் ஒன்றாக இருப்பதில்லை. நன்றாக விற்ற படத்தை அவசர அவசரமாக மறு அச்சுப் போடும்போது பதிப்பாளர் முதலில் கைவைப்பது இந்த வேலையில்தான். பழைய படத்தை வாங்குபவர்கள் அதனால்தான் வானத்தை உற்றுப் பார்க்கிறார்கள். வானம் தட்டையாக இருந்தால் அது பிந்திய அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிரஷ்யன் நீலத்தையும் பொகாஷியையும் சேர்த்து இரவை ஓர் இடமாக்கியவர் உதாகாவா ஹிரோஷிகே. யோஷிவாராவின் நடுத்தெருவை இரவுச் செர்ரியோடு அவர் வரைந்திருக்கிறார். ஆனால் அந்தத் தெருவைப் பற்றி அவர் வரைந்ததில் மிகச் சிறந்தது விடியற்காலைப் படம்தான். 'எடோவின் புகழ்பெற்ற நூறு காட்சிகள்' வரிசையில் 1857இல் வெளிவந்தது அது. மேலே செர்ரிக் கிளைகள், தூரத்தில் வெளுக்கத் தொடங்கும் வானம், இரவைக் கழித்துவிட்டு வீடு திரும்பும் ஆண்கள். யாருடைய முகமும் தெளிவாக இல்லை. கொண்டாட்டம் முடிந்து, கணக்குத் தீர்த்து, வெளியே அனுப்பப்படும் நேரம். எல்லோரும் பூவின் உச்சப் பொழுதை வரைந்துகொண்டிருக்க, இவர் மறுநாள் காலையை எடுத்துக்கொண்டார்.

இந்தப் படங்களின் அழகில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கடந்துபோவது நியாயமில்லை. யோஷிவாராவைச் சுற்றி அகழி. நுழைய ஒரே பெரிய வாசல். சிறு வயதிலேயே குடும்பக் கடனுக்காக ஒப்பந்தத்தில் கொடுக்கப்பட்ட பெண்கள் அந்த வாசலைத் தாண்டி நினைத்தபடி போக முடியாது. மரங்கள் ஆண்டுதோறும் வந்து திரும்பின. அவர்களில் பலர் திரும்பவில்லை. கேட்பாரற்று இறந்தவர்களை அருகிலிருந்த ஜோகான்ஜி கோயிலில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். அதனால் அந்தக் கோயிலுக்கு 'எறிந்துவிடும் கோயில்' என்றே பெயர் உண்டு. அங்கே ஒரு நினைவுச் சின்னம் இன்றும் நிற்கிறது. யோஷிவாராவைப் பற்றிய வண்ணப் படங்கள் அந்தக் காலத்தில் ஒரு வகையில் விளம்பரத் தட்டிகளும்கூட. பதிப்பாளர்கள் அங்கிருந்த விடுதிகளோடு வியாபார உறவு வைத்திருந்தார்கள்.

பெண்களை வேறு கண்ணோடு பார்த்த ஒருவரும் இருந்தார். ஹொகுசாயின் மகள் கத்சுஷிகா ஓய். அப்பாவின் பட்டறையிலேயே வளர்ந்து, அவருக்குத் துணையாக உழைத்தவர். ஓய் வரைந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய படங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று, இரவுச் செர்ரியின் கீழே கல் விளக்கின் வெளிச்சத்தில் கவிதை எழுதும் பெண். இது அச்சுப் படம் அல்ல. பட்டில் தூரிகையால் தீட்டியது. ஜப்பானின் கொமாகி நகரிலுள்ள மேனார்டு கலைக்கூடத்தில் இருக்கிறது. வெளிச்சம் முகத்தில் படுகிறது, உடையின் கீழ்ப்பகுதி இருட்டுக்குள் போகிறது, வானத்தின் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிறம். எங்கிருந்து வெளிச்சம் வருகிறது, எங்கே அது தீர்ந்துபோகிறது என்பதை அந்தக் காலத்து ஜப்பானிய ஓவியர்களில் இவ்வளவு கூர்மையாகக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. அச்சுப் பலகைகளால் எட்ட முடியாத இடத்தை அவர் தூரிகையால் எட்டினார். அவர் பெயர் இத்தனை காலம் அப்பாவின் நிழலில் கிடந்தது கலை வரலாற்றின் பெரிய கஞ்சத்தனம்.

1868இல் ஷோகுன் ஆட்சி முடிந்தது. எடோ, டோக்கியோ ஆயிற்று. தெருவுக்குக் கேஸ் விளக்கு வந்தது. கோபாயாஷி கியோச்சிகா 1876 முதல் சில ஆண்டுகள் இந்தப் புதிய வெளிச்சத்தையே பாடமாக எடுத்து டோக்கியோ காட்சிகளை வரைந்தார். விளக்கின் ஒளி ஈரத் தரையில் நீள்வதும், மனிதர்கள் கரிய உருவங்களாக ஆவதும் அவர் படங்களில்தான் சாதாரணமாகின்றன. அதே காலத்தில் த்சுகிஓகா யோஷிதோஷி பழைய வழியிலேயே நின்று, 1885 முதல் 'நிலவின் நூறு தோற்றங்கள்' என்ற வரிசையை வெளியிட்டார். அதிலும் யோஷிவாரா உண்டு. பகட்டாக உடுத்திய பெண் ஒருத்தி தன் சிறு பணிப்பெண்ணோடு செர்ரி மரத்தருகே நிற்கிறாள், இதழ்கள் உதிர்கின்றன. நூறு நிலவுப் படங்களில் பல சோகக் கதைகள், பேய்கள், போர்கள். அவற்றுக்கு நடுவே இது சும்மா நிற்கும் படம். யோஷிதோஷி 1892இல் இறந்தபோது மர அச்சுத் தொழிலே ஏறக்குறைய அஸ்தமித்திருந்தது. புகைப்படமும் கல் அச்சும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

அதற்கு மறுபிறவி கொடுத்தவர் மறுபடியும் ஒரு பதிப்பாளர். வாதானாபே ஷோசாபுரோ 1910களில் ஓவியர், செதுக்குபவர், அச்சடிப்பவர் என்ற பழைய கூட்டணியைத் திரும்பக் கட்டினார். 'ஷின் ஹாங்கா', அதாவது புதிய அச்சு என்று அதற்குப் பெயர். வாங்கியவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டினர், குறிப்பாக அமெரிக்கர்கள். ஒஹையோ மாநிலத்தின் டொலேடோ நகர அருங்காட்சியகத்தில் 1930இலும் 1936இலும் இந்தப் படங்களுக்குப் பெரிய கண்காட்சிகள் நடந்தன. இவற்றின்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. டிராம் ஓடி, தொழிற்சாலைப் புகை கிளம்பிக்கொண்டிருந்த நாட்டைக் கோயிலும் குடையும் பனியும் மட்டுமே உள்ள ஊராகக் காட்டி ஏற்றுமதி செய்தார்கள் என்பதே அது. குற்றச்சாட்டு பெரிதும் உண்மை. இரவுக் காட்சிகள் அதில் ரொம்பவே வசதி: மின்கம்பிகளை இருட்டு மறைத்துவிடும்.

வாதானாபேயின் நட்சத்திரம் கவாசே ஹாசுயி. ஊர் ஊராக அலைந்து வரைந்தவர். 1923 செப்டம்பர் 1ஆம் தேதி டோக்கியோவை நிலநடுக்கமும் தீயும் அழித்தபோது பதிப்பாளரின் கடை எரிந்தது. அதுவரை செதுக்கிய பலகைகளும் ஹாசுயியின் ஓவியக் குறிப்பேடுகளும் சாம்பலாயின. அவர் மறுபடி மாதக்கணக்கில் பயணம் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். 1931இல் அவர் வரைந்த 'இனோகஷிராவின் வசந்த இரவு' இந்த வகைப் படங்களில் பலருக்கும் பிடித்தமானது. டோக்கியோவின் மேற்கே உள்ள பூங்கா, அதன் குளக்கரை, நீல இரவு, செர்ரி. யோஷிவாராவின் கூட்டம் இல்லை, வியாபாரம் இல்லை. இரவுச் செர்ரி நகரவாசியின் ஞாயிற்றுக்கிழமை இன்பமாக மாறிவிட்டிருந்தது.

இன்னொருவர் யோஷிதா ஹிரோஷி. இவர் கதை வேறு. எண்ணெய் வண்ண ஓவியராகப் பெயர் வாங்கியவர். நிலநடுக்கத்துக்குப் பின் படங்களை விற்றுப் பணம் திரட்ட அமெரிக்கா போனார். அங்கே மர அச்சுக்கு இருந்த மோகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து 1925இல் சொந்தப் பட்டறை வைத்தார். பதிப்பாளர் யாரையும் நம்பாமல், செதுக்குபவர்களையும் அச்சடிப்பவர்களையும் சம்பளத்துக்கு அமர்த்தி, தானே பக்கத்தில் நின்று வேலை வாங்கினார். செதுக்கும் வேலையையும் கற்றுக்கொண்டார். அவர் கண்காணிப்பில் அடித்த படங்களின் ஓரத்தில் 'ஜிசூரி', தானே அச்சிட்டது, என்ற முத்திரை இருக்கும். பழைய எடோ படங்களுக்குப் பத்துப் பதினைந்து முறை அடித்தால் மிகுதி. இவருக்கு முப்பதுக்கு மேல் என்பது சாதாரணம். நிக்கோவின் யோமெய் வாசலைக் காட்டும் 1937ஆம் ஆண்டுப் படத்துக்கு 96 முறை அடித்தார்கள்.

1926இல் வந்த 'குமோய் செர்ரி' யோஷிதாவின் பெரிய அளவுப் படங்களில் ஒன்று. செர்ரிக்கே பேர்போன யோஷினோ மலையில், கிளைகளினூடே முழு நிலவு. மரத்தடியில் மனிதர்கள் சின்னஞ்சிறு உருவங்களாக நிற்கிறார்கள். சாம்பல் நிறத்துக்கென்றே தனிப் பலகைகள் வைத்து, வண்ணங்களின்மேல் மெல்லிய திரைபோலத் திரும்பத் திரும்ப அடிப்பது அவர் பழக்கம். அதனால் அவருடைய பூக்கள் ஹாருநோபுவின் பூக்கள்போலப் பளிச்சென்று முன்னால் வருவதில்லை. நிலவொளியில் நிஜப் பூ எப்படி நிறம் இழந்து நிற்குமோ அப்படி நிற்கின்றன.

நேரத்தைச் சாயத்தால் மாற்ற முடியும் என்பதை யோஷிதா அதே ஆண்டு வெளிப்படையாகவே நிரூபித்தார். பாய்மரப் படகுகளின் ஒரே காட்சியை ஒரே பலகைகளை வைத்துக் காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என ஆறு விதமாக அச்சடித்தார். கோடு மாறவில்லை, படகு மாறவில்லை. மை மட்டும் மாறியது. அதே வித்தையைத் தாஜ்மகாலுக்கும் செய்தார். 1930-31இல் மகன் தோஷியோடு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சுற்றினார் யோஷிதா. அந்தப் பயணத்தில் பிறந்த வரிசையில் பகல் தாஜ்மகாலும் உண்டு, நிலவுத் தாஜ்மகாலும் உண்டு. 'மதுராவின் பெரிய கோயில்' என்று மதுரையும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலைச் செர்ரிப் பலகையில் ஏற்றிய ஜப்பானியர் ஒருவர் இருந்தார் என்பது நம்மில் அதிகம் பேருக்குத் தெரியாது.

இன்று அருங்காட்சியகங்களில் எடோ காலத்து இரவுச் செர்ரிப் படங்களைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தெரியும் வெள்ளைப் பூ எல்லாம் முதலில் வெள்ளையாக இருந்தவை அல்ல. அன்றைய வெளிர் சிவப்புக்குக் குசும்பப் பூவிலிருந்து சாயம் எடுத்தார்கள். அது வெளிச்சம் பட்டால் வெளுக்கும். சிறு நீலப் பூவிலிருந்து எடுத்த பழைய நீலமும் அப்படியே. போகப் போகப் பழுப்பாகிவிடும். பிரஷ்யன் நீலமும் கரி மையும் மட்டும் பெரிதும் நிலைத்து நிற்கின்றன. ஆக, பல படங்களில் இரவு போட்டபடியே இருக்கிறது; பூவின் நிறம் போய்விட்டது. இலேசான சோகத்தோடு நாம் ரசிக்கும் அந்த வெளிறிய பூ, அன்று சோபா நூடுல்ஸ் விலைக்கு வாங்கியவரின் கையில் நல்ல ரோஜா நிறத்தில் இருந்திருக்கும்.

இதனால்தான் இந்தப் படங்களைக் காட்சிக்கு வைக்கும்போது கூடத்தின் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குக் குறைத்துவிடுகிறார்கள். ஒரு வீட்டு வரவேற்பறையின் மாலை விளக்குக்கும் கீழே. சில வாரங்கள் காட்டிவிட்டு மறுபடி பல மாதங்கள், சில நேரம் ஆண்டுகள், இருட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இதற்கும் ஒரு படி மேலே போன தொகுப்பு ஒன்று உண்டு. வில்லியம், ஜான் என்ற ஸ்பால்டிங் சகோதரர்கள் தாங்கள் சேர்த்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுப் படங்களை 1921இல் அங்கே கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை: ஒன்றைக்கூடக் காட்சிக்கு வைக்கக் கூடாது. அருங்காட்சியகம் வாக்கைக் காப்பாற்றிவருகிறது. நூறாண்டுகளாக வெளிச்சம் படாமல் கிடப்பதால், வேறெங்கும் வெளுத்துவிட்ட சிவப்பும் ஊதாவும் அந்தப் படங்களில் புதிதாக இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் பழைய நிறம் எதுவென்று அறிய அங்கேதான் போகிறார்கள். பொதுமக்களுக்கு வழி டிஜிட்டல் பிரதிகள். அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஹாருநோபு, உதாமாரோ என ஓவியர்களின் பெயர்களைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.